இலக்கைக் குறைத்தால் என்ன தப்பு?

அடிபட்டு எழுந்தவனிடம் நம் ஊரில் இரண்டே பேச்சுத்தான். ஒன்று, "விட்றாதீங்க, பழையபடி வந்துருவீங்க." இன்னொன்று, "இந்த வயசுல எதுக்குங்க வேண்டாத வேலை?" முதலாவதைச் சொல்கிறவர்கள் கூட சைக்கிள் ஓட்டும் நண்பர்கள். இரண்டாவதைச் சொல்கிறவர்கள் சொந்தபந்தங்கள். இரண்டு பேரும் அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் இரண்டு பேச்சும் தப்பு என்பது என் கட்சி. அதிலும் முதலாவதுதான் ஆபத்து அதிகம், ஏனென்றால் அது காதுக்கு இனிக்கிறது.

என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். வயது 63. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் உற்பத்தித் திட்டம் போடும் வேலையில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவன். ஓய்வுக்குப் பிறகு நெடுந்தூர சைக்கிளுக்கு வந்தேன். 2025 ஆகஸ்டில் ஒரு விடிகாலை, பொங்கலூர் பக்கம் பி.ஏ.பி. வாய்க்கால் ஓரமாகப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு நாய் சோளக்காட்டிலிருந்து நேராகச் சக்கரத்துக்குள் பாய்ந்தது. இடது இடுப்பு தரையில் அடித்தது. தொடை எலும்பின் கழுத்துப் பகுதியில் முறிவு. நல்ல வேளையாக எலும்பு விலகவில்லை. மூன்று ஸ்க்ரூ போட்டு நிறுத்தினார்கள். இப்போது ஏழு மாதம் ஆகிறது. கைத்தடி இல்லாமல் நடக்கிறேன். ஒரு மணி நேரம் சைக்கிள் ஓட்டுகிறேன்.

இதில் சிக்கல் எங்கே வருகிறது என்றால், விழுவதற்கு முன் எனக்கு ஓர் இலக்கு இருந்தது. பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ். தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். பாரிஸ் பக்கத்திலிருந்து அட்லாண்டிக் கடற்கரை நகரமான பிரெஸ்ட் வரை போய்த் திரும்புவது. ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். அதிகபட்ச நேரம் 90 மணி. 1891-ல் பந்தயமாகத் தொடங்கியது. அந்த முதல் வருஷம் ஷார்ல் தெரோன் என்பவர் 71 மணி 22 நிமிடத்தில் வந்து ஜெயித்தார். இப்போது அது பந்தயமே இல்லை. முதல் பரிசு, இரண்டாம் பரிசு கிடையாது. நேரத்துக்குள் வந்தவர் எல்லோரும் முடித்தவர், அவ்வளவுதான். நான்கு வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும். கடைசியாக 2023-ல் நடந்தது. அடுத்தது 2027 ஆகஸ்டில்.

அதற்குப் போக வேண்டுமானால் அந்த வருஷத்திலேயே நான்கு தூரங்களை முடித்துத் தகுதி பெற வேண்டும். 200 கிலோமீட்டர் பதின்மூன்றரை மணி நேரத்தில், 300 இருபது மணியில், 400 இருபத்தேழு மணியில், 600 நாற்பது மணியில். இந்த ஓட்டங்களைப் பிரெவே என்பார்கள். நம் கோவை, திருப்பூர் பக்கத்துப் பசங்க நிறையப் பேர் இதில் இருக்கிறார்கள். நான்கையும் ஒரே பருவத்தில் முடித்தவருக்கு 'சூப்பர் ரேண்டனர்' என்று பட்டம். 2024-ல் நானும் அதை வாங்கினேன். அடுத்த படி பிரான்ஸ் என்று இருந்தது.

இப்போது 2027-க்குப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். 2031-ல் எனக்கு 68 வயது இருக்கும். அப்போது முடியுமா என்றால், யார் கண்டது? ஆகவே இது சின்ன விஷயம் இல்லை. எனக்குக் கிடைத்திருந்த ஒரே வாய்ப்பையே விட்டிருக்கலாம். இதைச் சொன்னதும் குழுவில் வந்த பதில்களைப் பார்க்க வேண்டுமே! "மனசு வெச்சா முடியாதது இல்லீங்ணா." "உடம்பு சொல்றதக் கேக்காதீங்க, மனசு சொல்றதக் கேளுங்க." "நீங்க இல்லாம நாங்க எப்படிங்ணா போறது?" கூடவே சிங்கம், கழுகு படம் போட்ட வாசகங்கள். அத்தனைக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதில்.

முதலில் எங்கள் தொழிலிலிருந்தே ஒரு கணக்கு. பனியன் கம்பெனியில் ஷிப்மெண்ட் தேதிதான் கடவுள். தேதிக்குச் சரக்கு துறைமுகம் போகவில்லை என்றால் என்ன செய்வோம்? 'ஏர்ல போடு' என்பார் முதலாளி. கப்பலில் போக வேண்டியது விமானத்தில் போகும். தேதி காப்பாற்றப்படும், பையர் சந்தோஷப்படுவார். விமான வாடகை நம் தலையில் விழும். அந்த ஆர்டரில் வந்திருக்க வேண்டிய லாபம் மொத்தமும் போய், கையிலிருந்தும் போகும். வெளியே இருந்து பார்ப்பவனுக்கு 'தேதிக்கு முடித்த கம்பெனி' என்று பெயர். உள்ளே கணக்குப் புத்தகம் அழும். இப்படி வரிசையாக ஏர்ல போட்டே மூடிய கம்பெனிகளைத் திருப்பூர்க்காரர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

ஆறாத இடுப்பை வைத்துக்கொண்டு 2027 தேதிக்கு ஓடுவதும் அதே காரியம்தான். தேதியைக் காப்பாற்றிவிடலாம். வாடகையை யார் கட்டுவது? குழுவில் சிங்கம் படம் அனுப்பியவரா?

பின்னாலிருந்து முன்னுக்கு எண்ணிப் பார்த்தேன். திட்டம் போட்டே பழகிய ஆள் அல்லவா. 2027 ஆகஸ்டில் அங்கே நிற்க வேண்டுமானால், ஜூன் வாக்கில் 600 முடிந்திருக்க வேண்டும். அதற்கு முன் 400, 300. நம் ஊர் சித்திரை வெயிலில் அவற்றை ஓட்ட வேண்டும் என்பதையும் கணக்கில் சேருங்கள். 2027 தொடக்கத்தில் 200. அதற்கு இந்த வருஷக் கடைசிக்குள் 100 கிலோமீட்டர் சர்வ சாதாரணமாகப் போய்வர வேண்டும். இன்றைக்கு நான் போவது 15 கிலோமீட்டர். காகிதத்தில் பார்த்தால் முடியும். அதுதான் வம்பே. அந்த அட்டவணையில் ஒரு வாரம்கூட மிச்சம் இல்லை. மெஷின் ஒரு நாள்கூட நிற்காது என்று நம்பிப் போட்ட அட்டவணை அது. அப்படிப்பட்ட அட்டவணையை நான் வேலையில் இருந்தபோது ஒருத்தர் கொண்டுவந்திருந்தால் கிழித்துப் போட்டிருப்பேன்.

அடுத்து உடம்பின் கணக்கு. இடுப்பு முறிவு பற்றி எனக்கு வைத்தியம் பார்த்த மருத்துவர் சொன்னதை, நம் வயதுக்காரர்கள் எல்லோரும் தெரிந்துகொள்வது நல்லது. தொடை எலும்பின் மேலே பந்து மாதிரி ஒரு தலை இருக்கிறது. அந்தத் தலைக்கு ரத்தம் பெரும்பாலும் கழுத்துப் பகுதியை ஒட்டித்தான் போகிறது. கழுத்து முறியும்போது ரத்தக் குழாய்களும் அடிபட்டிருந்தால், எலும்பு சேர்ந்த பிறகும்கூட அந்தத் தலை மெல்ல மெல்லச் செத்துப் போகலாம். எல்லோருக்கும் வருவதில்லை, சிலருக்கு வரும். அது தெரியவர இரண்டு வருஷம்கூட ஆகலாம் என்பதால்தான் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்கச் சொல்கிறார்கள். வந்து முற்றிவிட்டால் பெரும்பாலும் செயற்கை மூட்டுதான்.

சைக்கிள் ஓட்டினால் அது வரும் என்று மருத்துவர் சொல்லவில்லை. அளவாக ஓட்டச் சொல்லித்தான் அனுப்பினார். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அது வந்தால் முதலில் தெரிவிப்பது வலி. தொடைச் சந்தில் ஒரு வலி. நெடுந்தூர சைக்கிளில் நாம் எதைப் பழகுகிறோம்? வலியைக் கண்டுகொள்ளாமல் இருக்கத்தான். 300 கிலோமீட்டர் தாண்டி, விடியற்காலை மூன்று மணிக்கு வெள்ளகோவில் ரோட்டில், கழுத்து வலி, கை மரத்துப் போதல், உட்காரும் இடத்தில் புண், எல்லாவற்றையும் 'இருக்கட்டும்' என்று ஒதுக்கிவிட்டுப் போகிறவன்தான் முடிக்கிறான். நல்ல உடம்புக்கு அது ஒரு திறமை. ஸ்க்ரூ போட்ட உடம்புக்கு அதே திறமை எமன். செய்தி கொண்டுவருகிற ஒரே ஆள் வலி. அவனையும் வாசலிலேயே விரட்டப் பழகினவன், அட்டவணையில் ஒரு வாரமும் மிச்சம் இல்லாதவன், அந்தச் செய்தியை எப்படிக் கேட்பான்? 'இது சாதாரண வலிதான்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வான். 'உடம்பு சொல்றதக் கேக்காதீங்க' என்ற அறிவுரை அந்த நேரத்தில் என்ன வேலை செய்யும் என்று யோசியுங்கள்.

இன்னொரு ஏமாற்றமும் இருக்கிறது. படுத்துக் கிடந்து எழுந்து சைக்கிள் ஏறினால் மூச்சு சீக்கிரம் திரும்பிவிடும். சில வாரங்களிலேயே 'அட, பழையபடி ஆயிட்டேனே' என்று தோன்றும். தசை அதற்குப் பின்னால்தான் வரும். தசைநாரும் எலும்பும் இன்னும் தாமதம். மூச்சு தயார் என்பதை வைத்து உடம்பே தயார் என்று நினைத்துத்தான் பாதிப்பேர் இரண்டாம் தடவை படுக்கிறார்கள்.

உடனே உலக உதாரணம் எடுத்துப் போடுவார்கள். அமெரிக்க வீரர் கிரெக் லெமாண்டைச் சொல்லாத ஆள் இல்லை. 1987 ஏப்ரலில் வேட்டைக்குப் போன இடத்தில் தவறுதலாகச் சுடப்பட்டு உயிருக்கே ஆபத்தான நிலைக்குப் போனவர், 1989-ல் டூர் தெ பிரான்ஸை வெறும் 8 விநாடி வித்தியாசத்தில் ஜெயித்தார். உண்மைதான். ஆனால் நடுவில் நடந்ததை யாரும் சொல்வதில்லை. 1988-ல் அவசரமாகத் திரும்பி வந்தார்; கால் முன்னெலும்புப் பக்கம் தசைநார் வீங்கி அறுவை சிகிச்சை வரை போனது; அந்த வருஷமும் டூர் ஓட்ட முடியவில்லை. 1989 டூருக்கு அவர் வைத்துக்கொண்ட ஆசையே முதல் இருபதுக்குள் வந்தால் போதும் என்பதுதான். அதற்கு மூன்று வருஷம் முன்பு அதே டூரை ஜெயித்தவர் அவர்! 'இலக்கைக் குறைக்காதே' என்பதற்கு அவரைச் சாட்சி கூப்பிடுகிறார்கள். எனக்கு அவர் என் பக்கத்துச் சாட்சியாகத் தெரிகிறார்.

லெமாண்டுக்கு நடந்தது எல்லோருக்கும் நடக்காது என்பதற்கு கிறிஸ் ஃப்ரூம் போதும். நான்கு முறை டூர் ஜெயித்தவர். 2019 ஜூனில் விழுந்து தொடை எலும்பு உட்படப் பல எலும்புகள் முறிந்தன. எட்டு மாதத்தில், 2020 பிப்ரவரியில், மறுபடி போட்டியில் இறங்கினார். உலகத்தின் நல்ல மருத்துவர்கள், பயிற்சியாளர்கள், பணம், எல்லாம் இருந்தது. மனசு வைக்கவில்லை என்று அவரை யாராவது சொல்ல முடியுமா? ஐந்தாவது டூர் கிடைக்கவே இல்லை. மனசு போதும் என்றால் அவருக்குக் கிடைத்திருக்க வேண்டும்.

எனக்குப் பிடித்தவர் ராபர்ட் மர்ஷான். பிரான்ஸ்காரர், 1911-ல் பிறந்தவர், 2021-ல் 109 வயதில் காலமானார். ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தூரம் என்ற சாதனையை நூறு வயதுக்கு மேல் தொடங்கினார். 2012-ல் 24.25 கிலோமீட்டர். 2014-ல், 102 வயதில், 26.927 கிலோமீட்டர். 2017-ல், 105 வயதில், 22.547 கிலோமீட்டர். அதாவது முந்தையதைவிட நாலு கிலோமீட்டருக்கு மேல் குறைவு. குறைந்துவிட்டதே என்று அவர் வீட்டில் உட்காரவில்லை. பழைய கணக்கைத் தாண்டியே தீருவேன் என்றும் நிற்கவில்லை. 105 வயதுக்கு மேற்பட்டவர் என்று ஒரு புதுப் பிரிவே அவருக்காக உண்டாக்கினார்கள். 105 வயது உடம்புக்கு 105 வயதின் கணக்கு. இதில் அவமானம் எங்கே இருக்கிறது?

அவமானம் என்ற எண்ணம் பார்வையாளனிடமிருந்து வருவது என்று எனக்குத் தோன்றுகிறது. என் வயதுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்தக் காலத்தில் ஊர் மைதானத்தில் ஒருத்தர் வந்து ஏழு நாள், பத்து நாள் கீழே இறங்காமல் சைக்கிள் ஓட்டுவார். மூங்கில் நட்டு, சீரியல் லைட் கட்டி, குழாய் ரேடியோவில் பாட்டுப் போட்டு, சாயங்காலமானால் ஊரே கூடும். சைக்கிள் மேலேயே குளிப்பார், சாப்பிடுவார். சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்துவோம். கடைசி நாள் மாலை போட்டு இறக்குவார்கள். கால் வீங்கி, கண் சிவந்து, நிற்க முடியாமல் இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க நிற்பார். நாம் கைதட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவோம். மறுநாள் அவர் எப்படி இருந்தார் என்று யாரும் போய்ப் பார்த்ததில்லை. அந்த மனுஷனுக்காவது அது பிழைப்பு. அடுத்த வேளைச் சோற்றுக்காக ஓட்டினார். பென்ஷனும் மகன் சம்பளமும் இருக்கிற நான் யார் கைதட்டலுக்காக அதைச் செய்ய வேண்டும்?

ரேக்ளா விடுகிற ஊர்க்காரர்கள் நாம். லேசாக நொண்டுகிற காங்கேயம் காளையை எந்த விவசாயியாவது அன்றைக்கு வண்டியில் பூட்டுவானா? 'மனசு வெச்சா ஓடும்' என்று மாட்டின் காதில் சொல்வானா? மாட்டுக்குக் காட்டும் இரக்கத்தை நாம் நமக்குக் காட்டுவதில்லை.

சரி, இரண்டாவது கட்சிக்கு வருகிறேன். "ஏனுங்க, அந்த வண்டிய உட்டா வேற பொழப்பே இல்லீங்களா?" இது என் வீட்டம்மா. அவள் பயம் நியாயமானது. ஆஸ்பத்திரியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது அவள்தான். ஆனால் 'ஒரேயடியாக விட்டுவிடு' என்பதும் வைத்தியம் ஆகாது. நம் வயதில் படுத்த படுக்கையாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் தசை கரைகிறது. போனது திரும்பி வர இளவட்டங்களைவிட நமக்கு நாளாகிறது. கால் பலம் போனால் மறுபடி விழுவோம். இடுப்பு முறிவுக்குப் பிறகு பிசியோதெரபியில் நிற்கிற சைக்கிளை மிதிக்க வைப்பது அதனால்தான். மூட்டில் அதிக பாரம் ஏற்றாமல் காலை வேலை வாங்குகிறது சைக்கிள்.

அதே சமயம், சைக்கிள்காரர்கள் சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சைக்கிள் எலும்பைக் கெட்டியாக்காது. உடம்பின் பாரம் காலில் இறங்கினால்தான் எலும்புக்கு வேலை. சைக்கிளில் பாரம் சீட்டில் உட்கார்ந்துவிடுகிறது. ஆகவே எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினாலும் நடையும், கொஞ்சம் எடை தூக்கும் பயிற்சியும் தனியாக வேண்டும். ஐம்பது வயதுக்கு மேல் சும்மா கீழே விழுந்து எலும்பு முறிந்தவர் யாராக இருந்தாலும் எலும்பின் அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் எடுப்பது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். வைட்டமின் டி எவ்வளவு என்றும் பார்க்கச் சொல்லுங்கள். 'விடாமுயற்சி' பற்றி நூறு செய்தி வந்த என் கைப்பேசியில் இந்த ஒரு செய்தி வரவில்லை.

"ஒரு தடவை குறைத்தால் குறைத்துக்கொண்டே போவோமே, சோம்பலுக்கு வழி ஆகாதா?" என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. சோம்பலும் நிதானமும் வெளியே பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். அதனால்தான் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறேன். நான் எழுதி வைத்திருப்பவை இவை.

தூரத்தைக் கணக்கு வைப்பதில்லை, நேரத்தை மட்டும் வைக்கிறேன். ஒரு மணி நேரம் என்றால் எதிர்க்காற்று அடித்தாலும் ஒரு மணி நேரம்தான். நம் பக்கம் காற்றாலை நட்டு வைத்திருக்கும் அளவுக்கு ஆடிக் காற்று அடிக்கிற ஊர். தூரத்தை இலக்காக வைத்தால் காற்று நம்மைக் கொன்றுவிடும்.

ஓட்டும்போது வரும் வலியைவிட மறுநாள் காலையில் இருக்கும் வலிக்குத்தான் மரியாதை. எழுந்து முதல் பத்து அடி நடக்கும்போது நொண்டினால் அன்றைக்கு சைக்கிள் கிடையாது. தொடைச் சந்தில் வலித்தால் சைக்கிள் இல்லை, நேராக மருத்துவர்.

நேரத்தைக் கூட்டுவதா வேண்டாமா என்பதை நான் முடிவு செய்வதில்லை. எனக்கு ஆசை இருக்கிறது, ஆகவே நான் நல்ல நீதிபதி இல்லை. பிசியோதெரபி செய்கிற தம்பி சொன்னால் கூட்டுவேன். வீட்டம்மாவுக்கு நிறுத்தச் சொல்லும் அதிகாரம் மட்டும் உண்டு.

கடைசியாக, ஓட்டமே மாறினாலும் கூட்டத்தை விடுவதில்லை. பிரெவே நடப்பது ராத்திரியில் கண்ட்ரோல் பாயிண்டில் உட்கார்ந்து கார்டில் முத்திரை குத்துகிறவர்களால். அவர்களும் வேண்டும். அடுத்த 300-ல் இரவு அந்த நாற்காலி எனக்கு என்று சொல்லிவிட்டேன். பசங்க ஒத்துக்கொண்டார்கள்.

ஆக, நான் வெட்டியது தேதியை மட்டும்தான். தேதி, தூரம், வேகம் மூன்றில் முதலில் தேதியை விடுங்கள். அது காலண்டரில் இருப்பது, நம் உடம்பில் இல்லை. பிறகு வேகம். தூரம் கடைசியாக. இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடித்துத்தான் பலர் கெடுகிறார்கள். தேதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உடம்பை விடுகிறார்கள்.

இது சைக்கிளுக்கு மட்டும் இல்லை. முட்டி ஆபரேஷன் முடிந்து வருஷம் திரும்புவதற்குள் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தே தீருவேன் என்கிறவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். இந்த வருஷம் பஸ்ஸில் போங்கள். முருகன் வருகைப் பதிவேடு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. அடுத்த வருஷம் பாதி தூரம் நடங்கள். அதற்கடுத்த வருஷம் பார்க்கலாம்.

என்னை 'விடாதீங்கண்ணா' என்ற தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் 2027-க்குப் போங்கள், முடித்துவிட்டு வாருங்கள். எனக்காக என்று சொல்லி ஓட்ட வேண்டாம், உங்களுக்காக ஓட்டுங்கள். உங்களில் யாராவது நடுவில் விழுந்து, எழுந்து, இலக்கைக் குறைத்துக்கொள்ள நேர்ந்தால், அவனுக்குச் சிங்கம் படம் அனுப்பாதீர்கள். மறுநாள் காலையில் நடக்கும்போது வலிக்கிறதா என்று கேளுங்கள்.